ஞானம்மாள் சுட்ட அப்பம்

முப்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றவன் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் சர்ச் சபையில் சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் ஒன்றைக் கையில் கொடுத்து, படமும் பிடித்துவிட்டார்கள். தொண்டையில் முடிச்சு விழுந்திருக்கிறது, இனிமேல் குரலை உயர்த்தக் கூடாது, பாடவே கூடாது என்று டாக்டர் சொன்னார். பாடாத, சத்தமாக வாசிக்காத உபதேசியாரை வைத்துக்கொண்டு சபை என்ன செய்யும்? இப்போது ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். அங்கே பேச்சுக் குறைவு.

என் இடத்துக்கு பிரிசில்லா வருகிறார். எங்கள் வட்டாரத்தில் உபதேசியார் வேலைக்கு ஒரு பெண்ணை எடுப்பது இதுவே முதல் தடவை. பயிற்சி முடித்து வந்தவர் என்னிடம் கேட்டார்: "அண்ணா, கிளாஸ்ல எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. வீட்டுக்குத் திருவிருந்து எடுத்துக்கினு போனா அங்க இன்னா நடக்கும்னு மட்டும் யாரும் சொல்லல. நீங்க எழுதிக் குடுங்க."

சபை மாத இதழுக்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் யாரைப் பற்றி எழுதப்போகிறேனோ, எங்கள் சபைப் போதகராக இருந்த அந்த ஆயர் மாற்றலாகி வேறு ஊரில் இருக்கிறார். எழுதட்டுமா என்று போனில் கேட்டேன். "எழுது. என் தப்பையும் சேத்து எழுது" என்றார். ஐயம்பேட்டைக்குப் போய், திருவிருந்துக்கு அப்பம் சுட்டுத் தருகிற ஞானம்மாளையும் கேட்டேன். "எழுதேன். நான் இன்னா படிக்கவா போறேன்? அந்தப் பொண்ண வந்து வாசிச்சிக் காட்டச் சொல்லு" என்றார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்தவன் நான். அப்பாவும் அம்மாவும் காஞ்சிபுரத்தில் கூலிக்குப் பட்டு நெய்தவர்கள். கல்லூரியும் முடித்து, உபதேசியார் பயிற்சிக்கு ஒரு வருடம் போனேன். வாக்கியத்தின் கடைசியில் குரலைக் கீழே விடாமல் வாசிப்பது, துக்க வீட்டில் எப்போது பாட்டை நிறுத்துவது, வெள்ளைத் துணியை எப்படி மடிப்பது. அந்த வருடத்தில் கற்றதில் கையோடு நின்றவை இவைதான். மிச்சத்தையெல்லாம் முதல் ஆயரிடம் வேலை செய்துதான் கற்றேன்.

அவர் முறை தவறாதவர். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து என்றால் சனிக்கிழமையே வந்து கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். திராட்சை ரசத்தைப் பெண்கள் சங்கத்தார் காய்ச்சி வடிகட்டித் தருவார்கள். அப்பத்தை ஞானம்மாள் சுடுவார். பலிபீடத்துக்கு முன்னால் இருக்கிற மரக் கிராதி வரைக்கும்தான் அவர்கள் அதைக் கொண்டுவரலாம். கிராதிக்கு இப்பால் நின்று கொடுப்பார்கள், நான் அப்பால் நின்று வாங்கிக்கொள்வேன். பலிபீடத்துத் துணியைத் துவைத்து இஸ்திரி போடுகிறவர்களும் அந்தப் பெண்கள்தான். அதை விரிக்கிறவன் நான். முழங்கால் போட்டு அப்பமும் ரசமும் வாங்குவதில் முதலில் ஆண்கள், அவர்கள் எல்லோரும் முடித்த பிறகு பெண்கள்.

கல்யாண ஆராதனையில் வேதம் வாசிப்பது என் வேலை. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று வருகிற இடத்தில் விரலை வைத்து, "இங்கருந்து" என்பார் ஆயர். கிறிஸ்து சபைக்குத் தலை, அதுபோலப் புருஷன் வீட்டுக்குத் தலை என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அதே சமயம், குடித்துவிட்டு மனைவியை அடித்த ஒருவனுக்குத் திருவிருந்தில் இடமில்லை என்று கிராதியிலிருந்தே எழுப்பி அனுப்பினவரும் அவர்தான். தலை என்றால் பொறுப்பு என்பது அவர் எண்ணம்.

அவர் ஓய்வு பெற்றுப் போனதும் ஆயர் வசந்தா வந்தார். எங்கள் சபைக்கு முதல் பெண் ஆயர். அதுவரை ஆயரம்மா என்றால் ஆயரின் மனைவி. இவரை என்னவென்று கூப்பிடுவது என்று ஒரு வாரம் தடுமாறி, 'ஆயர்மா' என்று ஆக்கிக்கொண்டோம். அவருடைய கணவருக்கு வெளியூரில் பேங்கு வேலை, சனிக்கிழமைதான் வருவார். பிள்ளைகள் அவரை 'ஆயரய்யா' என்று கூப்பிட, அவர் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

ஆயர் வசந்தா அதிகம் பேசமாட்டார். ஒன்றைக் கேட்டால் உடனே பதில் வராது. கைக்கடிகாரத்தை உட்பக்கமாகக் கட்டியிருப்பார், ஜெபத்துக்கு முன் அதைக் கழற்றி முகம் கீழே இருக்கும்படி வைப்பார். அவருடைய முதல் திருவிருந்து அன்று பெண்கள் வழக்கம்போல அப்பத் தட்டைக் கிராதி வரை கொண்டுவந்து நின்றார்கள். உள்ளே நிற்பவரும் ஒரு பெண்தானே, நேரே உள்ளே வரலாமே என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. நான் வாங்கப் போனேன். அவர் என்னைக் கையமர்த்திவிட்டு, கிராதியின் சின்னக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் உள்ளே வரக் கால் எழவில்லை. கடைசியில் அவரே வெளியே வந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

அடுத்த கல்யாணத்தில் நான் வாசிக்க எழுந்தபோது, வழக்கமான இடத்துக்கு ஒரு வரி மேலே விரலை வைத்தார். எல்லோரும் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிய வேண்டும் என்று சொல்கிற வரி. அத்தனை கல்யாணத்தில் வாசித்தும் அந்த வரியை நான் சத்தமாக வாசித்ததே இல்லை. பந்தியில் மாப்பிள்ளையின் மாமா என்னிடம், "இன்னா உபதேசியாரே, பைபிள் புதுசா?" என்றார்.

பழைய சபைச் செயலாளர் தேவசகாயம் ஆயர் வசந்தாவின் முதல் திருவிருந்திலேயே எழுந்து போய்விட்டவர். ஆயர் கிண்ணத்தைத் தூக்கினபோது முன் வரிசையிலிருந்து எழுந்து, யாரையும் பார்க்காமல் வாசலுக்கு நடந்தார். பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த ஞானம்மாள் ஒரு நிமிடம் அப்படியே இருந்தார். அப்புறம் அவரும் எழுந்து பின்னால் போனார். அவர் தேவசகாயத்தின் மனைவி.

தேவசகாயத்தைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எனக்கு உபதேசியார் வேலையைப் போட்டுக் கொடுக்கச் சொன்னவரே அவர்தான். நல்ல நெசவாளி. அந்த வீட்டில் தறி ஓடின காலமெல்லாம் அவர் பலகையில் உட்கார்ந்து நெய்ய, ஞானம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளுவார். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்வை போட்டு நெய்கிற சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஆனால் சேலை தேவசகாயம் நெய்தது என்றுதான் ஊரில் பேர்.

சபையை விட்டுப் போனாலும் அவர் ஒன்றை நிறுத்தவில்லை. "அப்பம் சபைக்கு, ஆயருக்கு இல்ல. நீ சுட்டுக் குடு" என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். அதனால் மாதா மாதம் சனிக்கிழமை நான் ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டைக்குப் போவேன். புளிக்காத கோதுமை மாவில் தோசைக்கல்லில் சுட்டு, கத்தியால் மேலே சிலுவைக் கோடு போட்டு, எவர்சில்வர் டப்பாவில் துணி சுற்றி வைத்திருப்பார் ஞானம்மாள். அதை வாங்கிக்கொண்டு வருவேன். சபை முழுக்க அதைச் சாப்பிடும், சுட்டவருக்கு மட்டும் கிடையாது. இது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் தேவசகாயம் என்னை உட்காரவைத்து வாதம் செய்வார். "ஏம்பா, பன்னெண்டு சீஷருங்கள்ல ஒரு பொம்பள உண்டா சொல்லு. அந்தம்மா மேல எனக்குக் கோவம் இல்ல. கடவுளுக்கு பயந்து சொல்றேன்." அவர் குரலில் உண்மையிலேயே பயம் இருந்தது.

அதை ஆயரிடம் சொன்னேன். "அந்த சீஷருங்க ஓடி ஒளிஞ்சப்போ இயேசுவோட கல்லறைக்குப் போனது பொம்பளைங்கதானேன்னு கேளு" என்றார். உடனே, "வேணாம், கேக்காதே. வாதம் பண்ணி யாரையும் பந்திக்குக் கூப்பிட முடியாது" என்றார்.

பிறகு தேவசகாயத்துக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. விழுங்குவதும் கஷ்டம். அடுத்த முறை அப்பம் வாங்கப் போனபோது ஞானம்மாள் வாசல் வரை வந்து மெதுவாகச் சொன்னார்: "ஆயர்மாவ ஒரு வாட்டி வரச் சொல்லுப்பா. அவருக்குத் திருவிருந்து குடுக்கணும்."

அவருக்கு என்றுதான் சொன்னார். அந்தத் தலைமுறைப் பெண்கள் தமக்கு வேண்டியதையும் 'அவருக்கு' என்றுதான் கேட்பார்கள். என் அம்மாவும் அப்படித்தான். ஆனாலும் அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு போய் ஆயரிடம் சொன்னேன்.

ஆயரிடம் ஒரு ஸ்கூட்டர் உண்டு. அங்கியைச் சுருட்டிப் பையில் போட்டு முன்னால் மாட்டிக்கொள்வார். நான் திருவிருந்துப் பெட்டியை மடியில் வைத்துப் பின்னால் உட்காருவேன். டீக்கடைக்காரர் ஒரு நாள் விடாமல், "உபதேசியாரே, நல்லா புடிச்சி ஒக்காருங்க, ஆயர் வேகமா போவாங்க" என்பார். என் அப்பாவோ, "பொண்ணு வண்டி ஓட்ட, மாப்ள பொட்டியோட பின்னாடி போறாரு" என்று தறியில் உட்கார்ந்தபடியே சொல்லிச் சிரிப்பார்.

வீட்டுத் திருவிருந்தின் முறை இதுதான், பிரிசில்லா. முதலில் கை கழுவ வேண்டும். நோயாளி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு வெள்ளைத் துணி விரிக்க வேண்டும். பெட்டியிலிருந்து சின்னத் தட்டு, சின்னக் கிண்ணம், ரசக் குப்பி, அப்பம், மெழுகுவர்த்தி. விழுங்க முடியாதவருக்கு அப்பத்தைக் கிள்ளி ரசத்தில் ஊறவைத்து ஸ்பூனில் கொடுக்க வேண்டும். ஆயர் ஜெபித்து ஆசீர்வதித்த பிறகு மிஞ்சியதைத் திரும்பப் பெட்டியில் வைக்கக் கூடாது, கொட்டவும் கூடாது. ஆயரும் உபதேசியாரும் அங்கேயே சாப்பிட வேண்டும். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவி அந்தத் தண்ணீரையும் குடித்துவிட வேண்டும்.

அப்படித்தான் செய்தோம். பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் ஜெபம் தொடங்கினதும் அவர்களாகவே நிறுத்திவிட்டார்கள். ஆசீர்வாதம் முடிந்து ஆயர் ஸ்பூனோடு கட்டிலுக்குப் போனார். தேவசகாயம் உதட்டை இறுக்கி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். குழறலாகச் சொன்னார்.

"எங்க வீட்ல யாரும் வாங்க மாட்டோம்."

ஆயர் திரும்பி வந்து தட்டிலிருந்ததைத் தாம் பாதி சாப்பிட்டு, எனக்குப் பாதி கொடுத்தார். கிண்ணத்தைக் கழுவிக் குடித்தார். பெட்டியை மூடினேன். சமையல் கட்டு வாசலில் முக்காடு போட்டு நின்றுகொண்டிருந்த ஞானம்மாள் உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார்.

அடுத்த மாதமும் கூப்பிட்டார். போனோம். அதே சுவர், அதே உதடு. அதேபோல நாங்கள் சாப்பிட்டோம், பெட்டியை மூடினோம். அன்று ஆயர் காப்பி டம்ளரைக் கழுவி வைக்கப் பின்கட்டுக்குப் போனபோது தேவசகாயம் இடது கையால் என்னைக் கூப்பிட்டார். "நீ குடு. வாங்கிக்கிறேன்."

திரும்பி வரும் வழியில் அதை ஆயரிடம் சொன்னேன். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"நீ குடுத்தா வாங்குவார். அப்புறம் நான் போற வீட்லல்லாம் உன்னைத்தான் கேப்பாங்க. எனக்கு ஜெபம் மட்டும் போதும்னு சொல்லுவாங்க" என்றார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. "ஆனா ஒரு மனுஷன் சாகக் கிடக்கும்போது என் உரிமைய நான் தூக்கிப் புடிக்கணுமா? எனக்கே தெரியலப்பா."

மறுமாதம் போகும்போது முடிவு செய்திருந்தார். ஜெபம் செய்தார், ஆசீர்வதித்தார். ஸ்பூனையும் தட்டையும் என் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. கட்டிலுக்குப் போனேன். தேவசகாயம் வாயைத் திறந்தார்.

"நில்லுப்பா."

ஞானம்மாள் சமையல் கட்டிலிருந்து வந்துவிட்டிருந்தார். முக்காடு தோளில் விழுந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. ஆயரைப் பார்த்துத்தான் பேசினார். சத்தமாகக்கூட இல்லை.

"ஆயர்மா, ஒவ்வொரு வாட்டியும் வர்றீங்க. அவரு வாயத் தொறக்கல. நீங்க ரெண்டு பேரும் சாப்ட்டுட்டு பொட்டிய மூடிடறீங்க. நான் அங்க நின்னு பாத்துக்கினே இருக்கறேன். அது நான் சுட்ட அப்பம்மா. ஒனக்கு வேணுமான்னு என்னை ஒரு வாட்டி கேட்டீங்களா?"

தறிச் சத்தமும் இல்லை. ஆயர் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவர் சொன்னாரேன்னு இருந்துட்டேன்" என்றார்.

"அவரு அவருக்குச் சொன்னாரு."

"கேட்டிருக்கணும். நான் கேட்டிருக்கணும்." ஆயர் எழுந்து வந்து என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டார். "உங்களுக்கு வேணுமாம்மா?"

"அதுக்குத்தானே கூப்ட்டேன்."

ஞானம்மாள் கட்டில் பக்கத்திலேயே முழங்கால் போட்டார். இடது கைமேல் வலது கையை வைத்து நீட்டினார். ஆயர் அப்பத்தை வைத்தார். அதற்குரிய வார்த்தைகளைச் சொன்னார். ஞானம்மாள் சாப்பிட்டார், கிண்ணத்திலிருந்து குடித்தார், முந்தானையால் வாயைத் துடைத்தார். தன் புருஷன் சாப்பிடுவதற்கு முன் அவர் எதையாவது சாப்பிட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். எங்கள் வீட்டை வைத்துச் சொல்கிறேன்.

தேவசகாயம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்காகத் திறந்த வாயை மூடியிருந்தார். முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். பசி என்றால் அப்படித்தான் தட்டுவார்.

நான் ஸ்பூனோடு குனிந்தேன். "நீ வேணாம்பா, ஒனக்குத் தெரியாது. பொரை ஏறிடும்" என்று ஞானம்மாள் என்னைத் தள்ளினார். தலையணையை முதுகுக்குக் கொடுத்து அவரை நிமிர்த்தினார். மோவாயைக் கொஞ்சம் கீழே அழுத்திப் பிடித்தார். தினமும் கஞ்சி கொடுக்கிற விதம் அது. நோயில் விழுந்ததிலிருந்து அவர் வேறு யார் கையிலும் சாப்பிட்டதில்லை. அப்புறம் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டார்.

"நான் தாடையப் புடிச்சிக்கிறேன். ஆயர்மா குடுப்பாங்க. இன்னா சொல்றீங்க?" அவர் கண்ணைப் பார்த்தார். "உங்களக் கேட்டுட்டுத்தான் செய்யறேன். பாத்துக்கோங்க."

அதில் குத்தல் இருந்தது. தேவசகாயத்தின் நல்ல பக்கத்து உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பா, வேறு எதுவுமா, என்னால் சொல்ல முடியாது. என்னிடமிருந்து ஸ்பூனை வாங்கிக்கொண்ட ஆயரை நிமிர்ந்து பார்த்தார்.

"மெதுவா" என்றார்.

ஆயர் மெதுவாகத்தான் கொடுத்தார். இடது கன்னத்துப் பக்கம் வைக்கச் சொல்லி ஞானம்மாள் கண்ணால் காட்டினார். ஒருத்தர் தாடையைப் பிடிக்க, ஒருத்தர் ஸ்பூனைப் பிடிக்க, தறியில் கோர்வை போடுகிறவர்கள் போல ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு செய்தார்கள். ஞானம்மாள் அவர் தொண்டையை விரலால் நீவிவிட்டார். "முழுங்கிட்டாரு" என்றார். பக்கத்து வீட்டுத் தறி மறுபடி ஓடத் தொடங்கியது.

தேவசகாயம் மனம் மாறிவிட்டார் என்று எழுதினால் அது பொய். அடுத்த சனிக்கிழமை என்னிடம், "நான் சொன்னது சொன்னதுதாம்பா" என்றார். பன்னிரண்டு சீடர்களையும் மறுபடி எண்ணினார். ஆனால் அதற்குப் பிறகு அவர் இறக்கும் வரை, வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் கட்டில் சட்டத்தைத் தட்டுவார் என்று ஞானம்மாள் சொல்வார்.

அன்று திரும்பும்போது ஆயர் மார்க்கெட் பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கின பிறகுதான் சொன்னார்: "இந்த அங்கியப் போட நான் எத்தினி பேர்கிட்ட வாதாடியிருக்கேன் தெரியுமா? பொம்பளைக்கும் அழைப்பு உண்டு, பொம்பளைக்கும் அழைப்பு உண்டுன்னு. அந்த வீட்ல போய் நான் யாரைக் கேட்டேன் பாத்தியா?" நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். "எனக்கு சமாதானம் சொல்லாதே. மறந்துடாம இரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வரிசையையும் அவர் மாற்றினார். பெண்கள் முதலில் என்று ஆக்கவில்லை. வருகிறவர்கள் வருகிறபடி வரலாம் என்று விட்டுவிட்டார். முதல் மாதம் கிராதியில் ஒரே குழப்பம், ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். கிராதிக் கதவு திறந்தே இருந்தது. மறுபடி சபைக்கு வரத் தொடங்கியிருந்த ஞானம்மாள் டப்பாவோடு நேரே உள்ளே வந்து, பலிபீடத்தில் வைத்துவிட்டு, துணி சுருக்கமாக இருக்கிறதே என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

பிரிசில்லா, நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். அந்த நாளுக்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், பெட்டியைத் திறக்கும் முன் ஆயர் வசந்தா சமையல் கட்டைப் பார்த்து, "உள்ள யாரும்மா இருக்கீங்க? நீங்களும் வாங்க, உங்களுக்கும்தான்" என்று குரல் கொடுப்பார். அவர் மாற்றலாகிப் போன பிறகு அதை நான் செய்துவந்தேன். மிக்சி ஓடும், டிவி ஓடும், பக்கத்தில் தறி ஓடும். அதையெல்லாம் தாண்டி உள்ளே கேட்க வேண்டும். என் தொண்டை அதற்கு இனி ஆகாது. நீ கூப்பிடு. வந்து நிற்கிற வரைக்கும் கூப்பிடு.